நாற்பத்தோரு செத்த கணினிகள்

அத்தியாயம் 14

காலை ஆறேகாலுக்கு ரொவேனா கதவைத் திறந்தபோது, முற்றத்தின் எதிர்ப்பக்கம் அவள் நாத்தனார் தெல்மா காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். இவளுக்காகவே காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

இருவருக்கும் ஐந்து நாளாகப் பேச்சில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் எண்பதாவது பிறந்தநாள் விருந்து. முழுப் பன்றி வறுவலைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும், "நம்ம பள்ளிக்கு நாற்பத்தாறு டேப்லெட் வரப்போகுது, முடிவாயிடுச்சு" என்று தெல்மா அறிவித்தாள். அந்தப் பள்ளியின் ஒரே கணினி ஆசிரியை ரொவேனா. விஷயம் அவளுக்கே அங்கேதான் தெரிந்தது. "யாரு முடிவு பண்ணினது?" என்று அவள் கேட்க, "நான் தலைமை ஆசிரியை. வேற யாரு பண்ணணும்?" என்று தெல்மா திருப்ப, மாமனார் கேக்கை வெட்டாமலே போய்ப் படுத்துவிட்டார்.

நாத்தனாரைச் சமாளிக்கலாம். தலைமை ஆசிரியையையும் சமாளிக்கலாம். இரண்டும் ஒரே ஆள், அந்த ஆள் எதிர்வீடு என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இண்டாய்," என்றாள் தெல்மா. வீட்டில் இருக்கும்போது இளையவளை அப்படித்தான் கூப்பிடுவாள். பள்ளி வாசலைத் தாண்டினால் அது 'மேம் ரொவேனா' ஆகிவிடும். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள படிவம் கல்வி அலுவலகத்துக்குப் போயாகணும். ஒன்பதரைக்குக் கம்பெனிக்காரர் வந்து டேப்லெட்டை இயக்கிக் காட்டுவார். அப்புறம் நீ உன்னோடதைக் காட்டு. கமிட்டியில மூணு பேர். மூணு ஓட்டு. நாளைக்கு நான் யார் பேச்சையும் கேட்கலைன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே."

"முடிவாயிடுச்சுன்னு ஞாயித்துக்கிழமை சொன்னீங்களே மனாங்?" மனாங் என்றால் அக்கா.

"அது ஞாயித்துக்கிழமை."

கோப்பையில் மிச்சமிருந்த காபியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு தெல்மா உள்ளே போய்விட்டாள்.

ரொவேனா திரும்பினாள். கணவன் எஃப்ரென் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஊர் மின் கூட்டுறவுச் சங்கத்தில் கம்பம் ஏறும் வேலை. அவ்வளவும் கேட்டிருப்பான். கேட்காத மாதிரி கயிற்றுக்கு மூன்றாவது முடிச்சுப் போட்டான்.

"உங்க அக்காதானே? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பதிமூணாயிரம் வோல்ட் கம்பியைத் தொடச் சொல்லு வெங், தொடறேன். மனாங்கைத் தொடமாட்டேன்." நெருங்கியவர்களுக்கு ரொவேனா 'வெங்'.

"நல்ல வீரம்."

"அப்புறம்..." அவன் எழுந்து தலைக்கவசத்தை மாட்டினான். "பத்தரைக்கு உங்க பள்ளி லைன்ல வேலை இருக்கு. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்காது, பிரவுன்அவுட்."

"இன்னைக்கா? வருஷத்துல இந்த ஒரு நாள்தான் கெடைச்சுதா?"

"தென்னை மட்டை கம்பி மேல கிடக்கு. அதுகிட்ட நாள் பார்த்து விழச் சொல்லியிருக்கணும்."

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மோட்டார் சைக்கிள் தெரு திரும்பிவிட்டது. உள்ளே மகள் கிறிஸெல் பத்தாம் வகுப்புச் சீருடையில், ரொட்டியைக் காபியில் முக்கிக்கொண்டே செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு உங்க வகுப்புப் பிள்ளைங்களை வச்சுத்தான் பாடம் காட்டணும். மானத்தை வாங்காம ஒழுங்கா உட்காருங்க."

"ம்."

"என்ன ம்?"

"சரிம்மா."

*

சான் க்ரிஸ்பின் உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை என்றால், மின்கம்பி உள்ள எல்லாப் பொருளுக்கும் அவளே வைத்தியர். வாசலைத் தாண்டியதுமே விஞ்ஞான ஆசிரியை பிரின்டரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வரலாற்று ஆசிரியருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிற்று, இந்த மாதத்தில் நான்காவது தடவை. சத்துணவுக்கூடத்து அம்மாள் மின்சார அரிசிக்குக்கரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இதுலயும் பட்டன் இருக்கில்ல மேம்?"

"இருக்கு மனாங். ஆனா இது எனக்குத் தெரியாது."

"கம்ப்யூட்டரே தெரியுது, குக்கர் தெரியாதா?" அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

கணினி அறை கடலைப் பார்த்த கட்டடத்தின் கடைசியில் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஐம்பது கணினிகள் லாரியில் வந்தபோது மேளம் கொட்டி இறக்கினார்கள். உப்புக்காற்றும், ஏறி இறங்கும் மின்சாரமுமாகச் சேர்ந்து நாற்பத்தொன்றை முடித்துவிட்டன. ஒன்பதுதான் உயிரோடு. நாற்பத்தாறு பிள்ளைகள் ஒன்பது கணினியில் என்றால், ஐந்து பேருக்கு ஒன்று. ஒருத்தன் மவுஸைப் பிடிப்பான், நாலு பேர் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள்.

செத்தவை பின்சுவரோரம் ஜன்னலை மறைத்துக் குவிந்து கிடந்தன. தூக்கிப் போட அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு ரொவேனா ஆறு வருஷமாகக் கடிதம் எழுதுகிறாள். பதில் மட்டும் மாறியதே இல்லை: பரிசீலனையில் உள்ளது.

இந்த வருஷம்தான் ஒரு வழி பிறந்திருந்தது. பள்ளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது, நாற்பத்தாறு டேப்லெட்டும் அதோடு வரும் ஆயத்தப் பாடங்களும். பாடம் ஓட இணையம் வேண்டும். இரண்டாவது, இருபது மேசைக் கணினியும், எல்லாப் பாடத்தையும் அறைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் ஒரு சர்வரும். இணையம் வேண்டாம். ஆனால் பாடத்தை ஆசிரியையே தயாரிக்க வேண்டும். என்ன படிப்பு என்றும் அதே படிவத்தில் எழுத வேண்டும்: அலுவலக மென்பொருளா, நிரல் எழுதுவதா, கணினி பழுது பார்ப்பதா.

ரொவேனா இரண்டாவதைக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மேசைக் கணினி வந்தால் ஜூனில் பதினோராம் வகுப்பில் கணினிப் பிரிவு தொடங்கலாம். டேப்லெட்டை வைத்து அந்தப் பிரிவுக்கு அனுமதி கிடைக்காது. அதில் சேர இருபத்தைந்து பேர் பட்டியலையும் எழுதி வைத்திருந்தாள். முதல் பெயர் கிறிஸெல்.

*

ஒன்பதரைக்குக் கம்பெனிக்காரர் ரேமார்க் வந்தார். பளபளக்கும் ஷூ, சட்டைப் பையில் அவருக்கென்றே ஒரு சின்ன வைஃபை பெட்டி. தெல்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கமிட்டியின் மூன்றாவது ஆள் நோய்மி. பெற்றோர் சங்கத் தலைவி. சந்தை முனையில் காசு போட்டால் ஓடும் கணினிக் கடை அவளுடையது. ஒரு பெசோ போட்டால் ஐந்து நிமிஷம். வந்ததிலிருந்து நோய்மியின் கண் பின்சுவர்க் குவியல் மேலேயே இருந்தது.

ரேமார்க் டேப்லெட்டுகளை விநியோகித்தார். திரையில் ஒரு பெங்குவின் குதித்து வந்து வணக்கம் சொல்லிற்று. வண்ணக் கட்டைகளை இழுத்து அடுக்கினால் பெங்குவின் நடந்தது. தப்பாக அடுக்கினால் தண்ணீரில் விழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருஷம் முழுக்கக் கொட்டாவி விடும் கடைசி பெஞ்சுகூட முன்னால் சாய்ந்திருந்தது.

பாடம் நன்றாக இருந்தது. அதுதான் ரொவேனாவுக்கு எரிச்சல்.

"பார்த்தீங்களா மேம் ரொவேனா?" என்றாள் தெல்மா திரும்பி. "எல்லார் முகத்துலயும் சிரிப்பு."

"பார்த்தேன் மேம்." அவள் எழுந்தாள். "சார், உங்க பையில இருக்கிற பெட்டியை அணைச்சுட்டு, எங்க பள்ளி இணைப்பில இதையே ஓட்டிக் காட்டுங்களேன்."

ரேமார்க் சிரித்துக்கொண்டே அணைத்தார். பள்ளி இணைப்பில் சேர்ந்தார். திரையில் ஒரு வளையம் சுற்றிற்று. சுற்றிக்கொண்டே இருந்தது. நோய்மி கைக்குட்டையால் விசிறிக்கொண்டாள்.

"நாற்பத்தாறும் ஒரே நேரத்துல இழுக்குது இல்லையா, கொஞ்சம் டைம் எடுக்கும்," என்றார் ரேமார்க்.

"கொஞ்சம்னா, இந்த வகுப்பு பட்டம் வாங்கறதுக்குள்ள வந்துடுமா சார்?"

பிள்ளைகள் சிரிக்க, தெல்மா முறைக்க, அவர் அவசரமாகத் தன் பெட்டியையே மறுபடி போட்டார். பெங்குவின் திரும்பி வந்தது. ஒரு காலைத் தூக்கிற்று.

சரியாகப் பத்தரை. மின்விசிறி நின்றது. விளக்குப் போனது. இரண்டு நிமிஷத்தில் ஊரின் செல்போன் கோபுரமும் மூச்சை விட்டது. பிரவுன்அவுட் வந்தால் அதற்கும் அப்படித்தான். நாற்பத்தாறு திரையிலும் பெங்குவின் ஒற்றைக் காலில் அப்படியே நின்றது.

எஃப்ரென், உனக்கு ராத்திரி இரண்டு மீன் துண்டு என்று ரொவேனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இப்போது அவள் முறை. நாலு கணினியை ஒரு பேட்டரிப் பெட்டியோடு கட்டி வைத்திருந்தாள். பழைய கணினி ஒன்றைத் தானே பிரித்துக் கட்டி சர்வராக்கியிருந்தாள். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேதான் போயின. திரைகள் எரிந்தன. பாடம் அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே வந்தது: ஒரு கூடை மீனைத் தரம் பிரித்து விலை சொல்லும் நிரலை எழுதுக. பிள்ளைகள் தட்டத் தொடங்கினார்கள். இணையம் இல்லை, கோபுரம் இல்லை, எல்லாம் ஓடிற்று.

"பாருங்க மேம்..." என்று ரொவேனா தெல்மா பக்கம் திரும்பினாள்.

பேட்டரிப் பெட்டி கீச் என்றது. அப்புறம் கீச் கீச் என்றது. பதினோராம் நிமிஷம் நாலு திரையும் ஒன்றாக இருண்டன. இருபது வரி எழுதியிருந்த பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

யாரோ கெக்கென்று சிரித்தார்கள். ரொவேனாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

"எங்க டேப்லெட் எட்டு மணி நேரம் நிக்கும் மேம்," என்றார் ரேமார்க், பணிவாகத்தான்.

"நிக்கும் சார். பெங்குவினும்தான் நிக்குது."

தெல்மா கையைத் தட்டினாள். "போதும். படிக்கப்போறது பிள்ளைங்க. அவங்களைக் கேட்போம். யாராவது எழுந்து சொல்லுங்க. உங்களுக்கு எது வேணும்? பயப்படாதீங்க."

நீ எழு, நீ எழு என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அப்புறம் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கிறிஸெல்.

ரொவேனாவுக்கு மூச்சு வந்தது. பெற்ற மகள்.

"ரெண்டும் வேண்டாம் மேம்," என்றாள் கிறிஸெல். வீட்டில் 'தீத்தா' என்று கூப்பிடும் அத்தையைப் பள்ளியில் அவளும் 'மேம்' என்றுதான் சொல்வாள். "டேப்லெட் விளையாட நல்லாருக்கு. ரெண்டு வாரத்துல அலுத்துடும். மேம் ரொவேனா பாடமும்..."

அவள் அம்மாவைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா தாள்ல கம்ப்யூட்டர் வரைஞ்சோம். இது சி.பி.யூ., இது கீபோர்டு, அம்புக்குறி போடு, கலர் அடி. காபி போடறது எப்படின்னு கட்டம் போட்டுப் படம் வரையறதை மட்டும் நாலு தடவை செஞ்சாச்சு. எனக்குக் காபி போடத் தெரியும். மெஷின் பத்தலைன்னு சொல்றாங்க. அதோ பின்னாடி நாற்பத்தொண்ணு இருக்கே. ஒரு நாளாவது அதைத் திறந்து பார்க்க விட்டாங்களா? தொடாதே, அரசாங்கச் சொத்துன்னு கயிறு கட்டி வச்சிருக்காங்க."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ரொவேனாவைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள்.

"உட்காரு கிறிஸெல்," என்றாள் தெல்மா.

"நீங்கதானே மேம் கேட்டீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.

*

கமிட்டி தலைமை ஆசிரியை அறையில் கூடியது. மேசையில் வாழையிலையில் புட்டுக் கேக்கும் நூடுல்ஸும் இருந்தன. ரேமார்க் கொண்டு வந்தது. ரொவேனா தொடவில்லை. நோய்மி இரண்டாவது தட்டில் இருந்தாள்.

"இவ்வளவு அவமானம் போதுமா?" என்றாள் ரொவேனா. "மெஷின் குடுக்காம, பேட்டரி குடுக்காம, பன்னிரண்டு வருஷமா ஒருத்தியை நிக்க வச்சுட்டு, அவ பொண்ணையே எழுப்பிவிட்டுப் பேசச் சொல்றீங்க."

"அவ பேசுவான்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"வீட்டுல வாயே திறக்க மாட்டா. சபையில மட்டும்..."

"யார் வளர்த்தது?"

"நீங்க பாதி!"

"நான் கொஞ்சம் பேசலாமா?" என்றாள் நோய்மி, வாயைத் துடைத்துக்கொண்டு. "டேப்லெட் வந்தா எனக்குத்தான் லாபம். அதுல பக்கம் பக்கமா டைப் அடிக்க முடியாது, பிரின்ட் எடுக்க முடியாது. அசைன்மென்ட்டுன்னா அத்தனை பேரும் என் கடைக்குத்தான் வரணும். பெற்றோர் சங்கத் தலைவி நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு அதுக்கு நான் ஓட்டுப் போட்டா, சந்தையில மூஞ்சி காட்ட முடியுமா? எனக்கு ரெண்டாவதுதான்."

தெல்மாவின் முகம் சுருங்கிற்று.

"ஆனா வெங், நீ செஞ்சதும் தப்பு," என்று நோய்மி இவள் பக்கம் திரும்பினாள். "ஒரு பேட்டரியில நாலு மெஷினைக் கட்டினா சாகாம என்ன செய்யும்? என் கடையில ஒண்ணுக்கு ஒண்ணு. இருபது வேண்டாம், பதினாறு கேளு. சின்னப் பெட்டி மெஷினா கேளு, கரண்ட் கம்மியா குடிக்கும். மிச்சத்துக்குப் பேட்டரி எழுது. அப்புறம், உன் பொண்ணு சொன்னது... உண்மைதானே?"

ரொவேனா நாற்காலியில் சாய்ந்தாள். கோபத்தின் மேலேயே காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். இப்போது கால் வலித்தது.

தாளில் வரையச் சொன்னது முதல் வருஷம் வேறு வழி இல்லாமல்தான். இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. மூன்றாம் வருஷம் அதே வினாத்தாளைத் தேதி மாற்றி அச்சடித்தாள். கயிறு கட்டியதும் அவளேதான். இதெல்லாம் வீட்டில் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"உண்மைதான்," என்றாள்.

மேசையில் இருந்த படிவத்தை இழுத்தாள். படிப்பு என்ற கட்டத்தில் 'நிரல் எழுதுதல்' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. அதை ஒரே கோட்டில் அடித்தாள். 'முதல் வருஷம் கணினி பழுது பார்த்தல், இரண்டாம் வருஷம் நிரல் எழுதுதல்' என்று எழுதினாள். கணினி எண்ணிக்கையைப் பதினாறாக்கி, மிச்சத்துக்குப் பேட்டரி என்றும் சேர்த்தாள்.

"உனக்கு அது பிடிக்காதே," என்றாள் தெல்மா. "திருப்புளி பிடிக்கவா பி.எஸ்ஸி. படிச்சேன்னு கேட்பியே."

"இப்பவும் பிடிக்கலை. ஆனா கெட்டுப்போறதை யாரும் சரி பண்ணத் தெரிஞ்சுக்கலைன்னா, இந்தப் பதினாறும் அஞ்சு வருஷத்துல அந்தச் சுவரோரம்தான் போய்ச் சேரும்."

தெல்மா பேனாவை மூடினாள், திறந்தாள். அவள் குரல் முதல் தடவையாக இறங்கிற்று.

"உனக்கு என்ன தெரியும் இண்டாய்? அந்த நாற்பத்தொண்ணும் என் பேர்ல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர். அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகணும். ஒரு கீபோர்டு குறைஞ்சாலும் என் பென்ஷன் பேப்பர் நகராது. டேப்லெட் செத்தா அலமாரியில வச்சுப் பூட்டலாம். இந்தப் பிணங்களை நான் எங்க கொண்டு வைக்கிறது? அதுக்கு மேல இன்னும் பதினாறா?"

பள்ளிக்குள் தெல்மா அவளை இண்டாய் என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மனாங்," என்றாள் ரொவேனா மெதுவாக. "பழுது பார்க்கிற படிப்புக்கு ஓடாத கணினி வேணும். பாடத்திட்டத்துலயே எழுதியிருக்கு. அந்த நாற்பத்தொண்ணையும் பயிற்சிப் பொருள்னு மாத்தி எழுதி என் அறைக்கு வாங்கிக்கலாம். வாங்கினா அது என் பேர்ல."

"அப்படி எழுத முடியுமா?"

"ஒரு படிவம் இருக்கு."

"ஆறு வருஷமா இருக்கா?"

ரொவேனா தலையை ஆட்டினாள். அகற்றவேண்டும் என்றே எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, வைத்துக்கொள்கிறேன் என்று எழுத ஒரு நாளும் தோன்றவில்லை.

நோய்மிக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் எதிரெதிர் வீடு. நடுவுல பத்தடி முற்றம். ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருந்தா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

தெல்மா படிவத்தை வாங்கினாள். 'இரண்டாம் தெரிவு' என்ற கட்டத்தில் குறி போட்டாள். கடைசிப் பக்கத்தில் பதினோராம் வகுப்புப் பட்டியல். பேனா முதல் பெயரில் நின்றது.

"இருபத்தஞ்சு பேர் கட்டாயம் வேணும் இல்லையா?"

"கட்டாயம். இருபத்து நாலுன்னா பிரிவு கிடையாது."

"இதுல கிறிஸெல் பேர் இருக்கு."

"என் பொண்ணு பேர் இல்லாம ஊர்ப் பிள்ளைங்க பேரையா முதல்ல எழுதுவாங்க?"

தெல்மா அந்தப் பெயரைப் பேனா முனையால் ஒரு தரம் தட்டினாள். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

*

மூன்றேகாலுக்குத் தெல்மா ரேமார்க்கை வழியனுப்பப் போனாள். போகும்போது, "என் மெஷின்லயே ஸ்கேன் பண்ணி அனுப்பிடு, பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியுமே," என்றாள். அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்ததே ரொவேனாதான்.

படிவத்தின் நாலு பக்கத்தையும் ஸ்கேன் செய்தாள். கோப்பைத் தேடினாள். ஸ்கேன் செய்ததெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடந்தது. இந்த அக்காவுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்க எத்தனை தடவை சொல்லிக் கொடுப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கியவளின் கை நின்றது.

ஒரு கோப்புக்கு மட்டும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தது. 'கிறிஸெல்.'

திறந்தாள்.

இலோய்லோ நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றின் விண்ணப்பம். பதினோராம் வகுப்பு, கணினிப் பிரிவு. விடுதி தேவை என்ற கட்டத்தில் குறி. பரிந்துரைப்பவர்: தெல்மா. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் எஃப்ரெனின் கோணல் கையெழுத்து. கம்பத்தின் மேல் நின்று போட்டது போலிருக்கும், தவறவே விட முடியாது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

மூன்று வாரம். தினமும் சாப்பிடும்போது கணினிப் பிரிவு, கணினிப் பிரிவு என்று அவள் புலம்பியிருக்கிறாள். அவன் மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே 'ம்' கொட்டியிருக்கிறான்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவள் அந்தக் கோப்பை மூடினாள். கமிட்டிப் படிவத்தைத் தேடி எடுத்தாள். அனுப்பு என்பதை அழுத்தினாள். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

*

வீட்டு முற்றத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். எஃப்ரென் பூட்ஸைக் கழற்றாமல் நின்றிருந்தான். தெல்மா தன் வாசலில். கிறிஸெல் படியில். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே மூவருக்கும் விளங்கிவிட்டது.

"மூணு வாரம் எஃப்ரென்."

"சொல்லத்தான் இருந்தேன் வெங்."

"எப்ப? அவ காலேஜ் முடிச்சப்புறமா?"

"நீ அந்தப் பிரிவுக்காக அப்படி அலைஞ்சுட்டிருந்தே. எந்த நாள் சொல்றதுன்னு..." அவன் தலைக்கவசத்தைக் கையில் உருட்டினான். "கோழைத்தனம்தான். ஒத்துக்கறேன்."

அவள் தெல்மாவிடம் திரும்பினாள். "நீங்க டேப்லெட், டேப்லெட்னு நின்னதுக்கு இதுவும் காரணமா? பிரிவு வராட்டி இவளை அனுப்பறது சுலபம்னு?"

"கொஞ்சம்," என்றாள் தெல்மா. மறைக்கவில்லை. "அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீ விடமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப இன்னைக்கு எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"உன் திட்டம்தான் சரி. அதுக்கு என்ன செய்ய?"

ரொவேனாவுக்குக் கத்தவும் முடியவில்லை. கத்துவதற்கு எதிராளி வேண்டும். இவர்கள் ஆளுக்கொரு உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கிறார்கள். அவள் மகளின் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள்.

"காலையில பேசினது என்னைப் பழி வாங்கவா?"

"இல்லம்மா. கேட்டாங்க, சொன்னேன்." கிறிஸெல் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "இங்க நான் மார்க் வாங்கினா நீ போட்டதும்பாங்க. வாங்கலைன்னா உன் பொண்ணுக்கே வரலையேம்பாங்க. அங்க போனா நான் வெறும் கிறிஸெல். எப்படி வருதுன்னு பார்க்கணும்."

"நீ போனா இங்க இருபத்து நாலுதான், சேர வேற ஆள் இல்லை. பிரிவே நின்னுடும்."

"தெரியும்." அவள் அத்தை பக்கம் தலையசைத்தாள். "தீத்தா சொன்னாங்க. அதனாலதான் ஒரு வாரமா தூக்கம் வரலை."

ஒரு வாரமாகத் தூங்காத பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு தான் எதையும் பார்க்கவில்லை என்பது ரொவேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பரீட்சை எப்ப?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு," என்றாள் கிறிஸெல். "ஒன்பது மணிக்கு. விடிகாலை மூணரை பஸ். தீத்தா கூட வராங்க."

"தீத்தா வேண்டாம். நான் வரேன்."

எஃப்ரென் நிமிர்ந்தான். தெல்மா ஒரு அடி முன்னால் வந்தாள். கிறிஸெல் மட்டும் அசையாமல் அம்மாவை உற்றுப் பார்த்தாள்.

"எதுக்கு வரே? பரீட்சை எழுத வைக்கவா, வேண்டாம்னு பேசித் திருப்பிக் கூட்டிட்டு வரவா?"

"இன்னும் தெரியலை," என்றாள் ரொவேனா. "பஸ்ஸுல அஞ்சு மணி நேரம் இருக்கு. நீ பேசு. நான் குறுக்க பேசாம கேட்கிறேன்."